ஊர் போகிறவர்கள் மேல் ஒரு பொறாமை

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

நீ ரயில் ஏறிய அன்று பிளாட்பாரத்தில் நான் அழவில்லை என்று உன் அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "ஒத்தப் பையனக் கல்கத்தாவுக்கு அனுப்பறா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருல பாருங்க" என்று விசேஷத்துக்குப் போகிற வீடுகளிலெல்லாம் பேச்சாம். நெஞ்சழுத்தக்காரி என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். வண்டி நகர்ந்தபோது நீ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எங்களுக்கு ஆட்டிக்கொண்டிருந்தாய். ஆனால் கை இன்னும் எங்கள் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும்போதே உன் முகம் வண்டி போகிற பக்கம் திரும்பிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, பொறாமை. பெற்ற பிள்ளை மேல் தாய் பொறாமைப்படலாமா என்று கேட்காதே. பட்டேன். சினிமாப் படம் பிடிக்கிற படிப்பு படிக்கப் போகிற பிள்ளையைப் பார்த்து, என் வயதில் என் முட்டிவலியோடு, நானும் இப்படி ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லையே என்று மனசு காந்தியது. இன்றைக்கும் காந்துகிறது. அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இந்தக் காந்தல் உன்னிடம் ஆரம்பித்ததில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்ததே போகிற மனிதருக்குத்தான். பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைகளில் வார்க்கிற பம்புகளையும் மோட்டார்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு உன் அப்பா நாகப்பூருக்கும் அதற்கு மேலேயும் போவார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கட்டுச்சோற்று மூட்டையைக் கேபினுக்குள் கொடுத்துவிட்டு நான் தெருவில் நிற்பேன். லாரி வளைவில் திரும்பியதும் வீட்டுக்குள் வந்தால் கழுவாத பாத்திரம் இருக்கும், உலை இருக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியது இருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு முறை கேட்டேன். "ஏனுங்க, ஒரு நடை என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?" அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அது பொம்பளைங்க வர்ற எடமில்ல அம்மணி. ஒதுங்கறதுக்குக்கூட ஒரு மறைவு இருக்காது" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, நினைக்காத நாள் இல்லை.

நடை முடிந்து வந்தால் ஒரு பகல் முழுக்கத் தூங்குவார். எழுந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். "கோதாவரிப் பாலத்துல ஏறுனா அக்கட்டால போறதுக்குள்ள ஒரு பீடி தீந்துரும்" என்பார். நீ வாயைப் பிளந்து கேட்பாய். அப்புறம் நீ காலேஜ் சேர்ந்து, டவுன்ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிநாட்டுப் படம் போடுகிற சங்கத்தில் உறுப்பினர் ஆனாய். அன்றிலிருந்து பேச்சு மாறியது. அவர் ரோட்டைப் பற்றிச் சொல்ல, நீ படத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். எந்தெந்த நாட்டிலிருந்தோ தகரப் பெட்டியில் வந்த படங்கள். அதில் பாதிக்கு மேல் யாரோ எங்கேயோ போகிற கதைதான். ஒருவன் நடந்தே போவான், ஒருவன் படகில் போவான், ஒரு குடும்பம் சட்டி பானையோடு எல்லை தாண்டும். அப்பாவும் மகனும் நாகப்பூரிலும் ஐரோப்பாவிலும் திரிந்துகொண்டிருக்க, நான் தோசைக்கல்லுக்கும் உங்கள் தட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த எரிச்சலை அப்போது நீங்கள் கவனித்ததில்லை. தோசை கொஞ்சம் கருகியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும்போது நானும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். நீ திகைத்துப்போய், "இங்கிலீசுல எழுத்து ஓடும்மா, உனக்குப் புரியாது" என்றாய். "புரியாட்டி நீ சொல்லு" என்றேன். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போனோம். இரும்பு நாற்காலிகள், மின்விசிறிச் சத்தம், காலேஜ் வாத்தியார்களும் பேங்க் உத்தியோகஸ்தர்களும். எனக்குக் கூச்சமாக இருந்தது. விளக்கை அணைத்ததும் கூச்சம் போய்விட்டது. அன்றைய படத்தில் ஒருவன் கடற்கரை ஊரில் தங்கைக்குக் கல்யாணம் என்று, ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைப் பழைய வேனின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். மலைப்பாதை, மழை, வழியில் ஏறி இறங்குகிறவர்கள். திறந்த வண்டியில் நிற்கிற அந்தக் கண்ணாடிக்குள் வானமும் மரங்களும் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தன. அவ்வளவு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. நீ காதோரம் அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தாய், கொஞ்ச நேரத்தில் போதும் என்று கையைக் காட்டிவிட்டேன். படத்தின் தொடக்கத்தில் அவன் பெண்டாட்டி கதவருகே நிற்கிறாள். ஈரக்கையை முந்தானை மாதிரி ஒரு துணியில் துடைத்துக்கொள்கிறாள். அவன் கிளம்புகிறான். படமும் அவனோடு கிளம்பிவிடுகிறது. கடைசியில் அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான், அவள் திறக்கிறாள், படம் முடிந்ததென்று விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன். உனக்கு நினைவிருக்கும்.

"அந்தப் பொம்பள அத்தன நாளும் என்ன பண்ணிட்டிருந்தா?"

"எந்தப் பொம்பள?"

"அவன்ற பொண்டாட்டி."

"ஊட்டுல இருந்திருப்பாம்மா. காமிரா ரெண்டு எடத்துல இருக்க முடியாதுல்ல. இது பயணத்தப் பத்துன படம். போறவங்கூடத்தான் அது போகும்."

நீ அன்பாகத்தான் சொன்னாய். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் எனக்கு என்ன குறை என்று எனக்கே பிடிபடாமல் இருந்ததை நீ ஒரு வரியில் சொல்லிவிட்டாய். எல்லாம் போகிறவரோடுதான் போகிறது. கதை போகிறது, பேச்சு போகிறது, பிள்ளையின் கண்களும் போகின்றன. மறுநாள் அப்பா சாப்பிடும்போது அவரிடமும் இதைக் கேட்டேன். படத்தை நீ ஏற்கெனவே அவருக்குச் சொல்லியிருந்தாய். "ரெண்டு மணி நேரம் அவனையே காட்டுனாங்க. அவளக் காட்டவே இல்லீங்க" என்றேன். அவர் தலையைத் தூக்காமல் மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்து போய்விட்டார். இவரிடம் போய்ச் சொன்னேனே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்காக நான் படத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. வீம்புக்கு வந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கும் சிலது பிடிபட்டது. பனி விழுகிற நாட்டுப் படங்களில் மனசு சரியில்லாமல் கிளம்புகிறார்கள், நம்மைப் போல வெயில் அடிக்கிற நாட்டுப் படங்களில் வயிற்றுப்பாட்டுக்குக் கிளம்புகிறார்கள். எந்த நாடானாலும் வழியில் வண்டி ஒரு முறை நின்றுபோகிறது, முன்பின் தெரியாத ஒருவர் சூடாக எதையோ குடிக்கக் கொடுக்கிறார், போகிறவன் அவரிடம் மட்டும் மனசைத் திறக்கிறான். போவதை ஆற அமரக் காட்டுகிறவர்கள் திரும்பி வருவதை அவசரமாக முடிக்கிறார்கள். ஒருவரும் துணி துவைப்பதில்லை. நீ இதைக் கேட்டுச் சிரித்தாய், ஆனால் உன் நண்பர்களிடம் இதையே நீ கண்டுபிடித்த மாதிரி சொன்னதை நான் கேட்டேன். அதற்கும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. நான் சொன்னால் சிரிப்பு, நீ சொன்னால் தலையாட்டல்.

விதவைக் கிழவி ஒருத்தி புருஷன் வேலை பார்த்த ஊரைப் பார்க்க ஆற்றோரமாகவே நடந்து போகிற படம் ஒன்று வந்தது. என் ஆத்திரம் அதில்தான் உச்சிக்குப் போனது. அவள் பாட்டுக்கு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறாள். எங்கே போகிறாய் என்று அவளை ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. நான் பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் "எங்கீங்க அம்மணி பொறப்பட்டுட்டீங்க", "ஏனுங்க, தனியாவா போறீங்க" என்று அரைத் தெரு கேட்டுவிடும். மரியாதையாகத்தான் கேட்பார்கள், அதனால் கோபப்படவும் முடியாது. அந்தக் கிழவியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேறு அப்பிய, வெடித்துப்போன, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத கால்கள். பக்கத்தில் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் துடைக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா நாகப்பூர் லோடு ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, நானும் வருகிறேன் என்றேன். அதற்கு நீ சொன்னதை மறந்திருக்க மாட்டாய். "அம்மா, உனக்கென்ன பைத்தியமா? லாரியிலயா? முட்டிவலிய வெச்சுக்கிட்டு அந்தக் கேபின்ல ஏற முடியுமா? யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?" முந்தைய ஞாயிற்றுக்கிழமை கிழவிக்காக அழுத அதே பிள்ளைதான் கேட்டது. திண்டாடிப்போய் நின்றேன். கை கழுவிக்கொண்டிருந்த அப்பாதான், எங்கள் இருவரையும் பார்க்காமல், "வரட்டும் கண்ணு. ரெண்டு பொடவை எடுத்து வெச்சுக்கச் சொல்லு" என்றார். இத்தனை வருஷம் முடியாது என்ற மனிதர் அன்றைக்கு ஏன் சரி என்றார் என்று உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

கேபின் அவ்வளவு உயரம் என்று கீழே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நம் தெருவைத் தாண்டும்போது எதிர்வீட்டு ருக்குமணி குடத்தோடு அண்ணாந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தில் இருப்பதாக நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்த அதே பார்வை அவள் முகத்தில் இருந்தது. எனக்குக் கூசியது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டாவது டிரைவர் ராசு பின்பலகையில் தூங்கிக்கொண்டு வந்தான். என்ஜின் சூடு காலைத் தகித்தது. சேலம் தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அப்பா வண்டியை நிறுத்திக்கொண்டே வந்தார். ஒரு பெட்ரோல் பங்கின் பின்புறம் குடும்பத்தோடு இருக்கிறவர் வீடு, ஒரு கோயிலுக்குப் பக்கத்துச் சத்திரம், தெரிந்த மெக்கானிக்கின் பெண்டாட்டி. "இங்க போயிட்டு வந்துரு அம்மணி, தண்ணி இருக்குது" என்பார். ஒரு பொம்பளை ஒதுங்க எங்கெங்கே மறைவு உண்டு என்று அந்த வழி முழுக்க அவர் பார்த்து வைத்திருந்தார். எப்போதிருந்து பார்த்து வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

கர்நூல் தாண்டி ஒரு காலையில் டீக்கடை ஒன்றில் நிறுத்தினார். லட்சுமம்மா என்று ஒரு தெலுங்குக்காரி, என் வயதுதான் இருக்கும், தனி ஆளாக நடத்துகிற கடை. நம் ஊரில் பாதி வீடுகளில் தெலுங்குதானே, அதனால் எனக்குப் பேச்சு விளங்கியது. நான் இறங்கியதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முட்டிவலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்துவிட்டு மேலும் மேலும் கேட்டாள். கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா, மகன் கணக்கில் தேறிவிட்டானா, நான் செய்கிற அரிசிம்பருப்புச் சாதத்தில் தேங்காயைத் துருவிப் போடுவேனா, கீறிப் போடுவேனா. "உங்க வீட்டுக்காரர் இங்க வந்தா அந்தச் சாதத்தைப் பத்திப் பேசாம போனதே இல்லை" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அந்தச் சாதத்தை இருபது வருஷத்துக்கு மேல் என் எதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறார், உப்பு உண்டு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கைப்பக்குவத்துக்கு வந்த பாராட்டெல்லாம் கர்நூல் ரோட்டில் ஒரு டீக்கடையில் கொட்டிக் கிடந்தது. வீட்டில் ரோட்டைப் பற்றிப் பேசுகிறவர் ரோட்டில் வீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவள் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் பெஞ்சிலேயே வைத்துவிட்டேன். அந்த நிமிஷம் அவள் மேல் எனக்கு வந்த பொறாமை உன் மேல்கூட வந்ததில்லை.

அப்பா ராசுவோடு டயரைத் தட்டிப் பார்க்கப் போயிருந்தார். லட்சுமம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க மகன் பார்க்கிற படக்கதையெல்லாம் இவர் இங்க வந்து சொல்லுவார். எனக்கு அந்தக் கண்ணாடிக் கதைதான் ரொம்பப் பிடிச்சது" என்றாள். ஆமாம், நானும் பார்த்தேன் என்றேன் வேண்டா வெறுப்பாக.

"மலை மேல ஏறும்போது கயிறு அறுந்துபோகுமே, அப்ப அந்தப் பெண்டாட்டி இறங்கி ஓடி வந்து கண்ணாடியத் தாங்கிப் பிடிச்சுக்குவாளே. அந்த இடத்துல இங்க இருந்த டிரைவருங்க எல்லாம் டீயக் கீழ வெச்சுட்டாங்க" என்றாள்.

"பெண்டாட்டியா? அவ எங்க வந்தா?"

"வண்டியில அவளும்தானே போறா. கிளம்பறப்ப அவன் கூப்பிடுவான், அவ கதவைப் பூட்டிட்டு வந்து முன்னால ஏறி உட்காருவா. உங்க வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னார்."

படத்தில் அப்படி இல்லை என்று நான் திருத்தவில்லை. டயருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்த்தேன். மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டு போய், எந்த நாட்டிலோ யாரோ எடுத்து முடித்த படத்தில், அவளை வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறார். அதை என்னிடம் சொல்லத்தான் அவருக்கு வரவில்லை. மறுபடியும் கேபினில் ஏறியபோது என்ன பேசிக்கிட்டிருந்தீங்க என்றார். சும்மாதான் என்றேன். கோதாவரிப் பாலம் வந்தது. நீ கேட்டுக் கேட்டு வளர்ந்த பாலம் நான் நினைத்ததைவிட நீளம். பாதிப் பாலத்தில் அவர் வண்டியை மெதுவாக்கி, என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னார். காற்று முகத்தில் அறைந்தது. கீழே தண்ணீர் அகண்டு கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே போனேன், அவர் பீடி பற்றவைக்கவில்லை.

திரும்பி வந்ததும் நீ வாசல் கேட்டுக்கு வெளியிலேயே ஓடிவந்து, "எப்படிம்மா இருந்துது?" என்றாய். என் பையில் அத்தனையும் இருந்தது, வாயைத் திறந்தால் கொட்டியிருக்கும். "என்ன இருக்குது, சும்மா ரோடுதான்" என்றேன். கொடுக்க மனசு வரவில்லை. முதல் தடவையாக என்னிடம் ஒரு பயணம் இருந்தது, உன்னிடம் இல்லை. சாப்பிடும்போது நீ அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "என்னைய ஒரு நடைகூடக் கூட்டிட்டுப் போனதில்லீங்களேப்பா" என்றாய். "நீ கேக்கவே இல்லியே கண்ணு" என்றார் அவர். படத்தில் வருகிற டிரைவர்களைப் பார்த்துவிட்டு வந்து அவரிடமே கதை சொன்ன நீ, அவரோடு ஏறி உட்கார வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உனக்கே தெரிந்தது போலிருந்தது. உன் முகம் சுருங்கிப்போயிற்று. இவனுக்கும் காந்துகிறது என்று எனக்குள் ஒரு திருப்தி. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் நீ நம்ப வேண்டும்.

அப்புறம் படிப்பு, பரீட்சை, அடுத்த லீவில் போகலாம் என்றே தள்ளிப்போனது. போன ஐப்பசியில் அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதும் டாக்டர் இனி தூர ஓட்டம் வேண்டாம் என்றுவிட்டார். லாரி இப்போது ராசு கையில் ஓடுகிறது. உன் அப்பாவோடு நீ அந்தப் பாலத்தைத் தாண்டப் போவதில்லை. அதனால்தான் என்னுடையதை உனக்குத் தருகிறேன். ஒளித்துவைத்துக்கொண்டு இனி எனக்கு என்ன ஆகப்போகிறது. லட்சுமம்மாவின் கடையும் அவர் மாற்றிச் சொன்ன கதையும் உனக்கும் சேர வேண்டியவை. நீ கொண்டுவந்து கொடுத்த கதையைத்தானே அவர் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் அம்மா எழுதியது என்று நம்பமாட்டாய். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீயும் படம் எடுப்பாய். அதில் யார் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், மலைக்கோ கடலுக்கோ. கிளம்புகிறவன் வாசலில் நிற்கிறவளைப் பார்த்து "நீயும் வர்றியா" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகட்டும். அவள் மாட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அடுப்பில் பால் இருக்கலாம், அவளுக்கு அந்த வீடே பிடித்திருக்கலாம். கேட்பதற்கு அவனுக்கு அதிக நேரம் ஆகாது. உனக்குக் கல்யாணம் ஆனால், படத்துக்கு வெளியேயும் இதைச் செய்.

உன் முதல் கார்டு நேற்றுத்தான் வந்தது. "சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். ஊர் நன்றாக இருக்கிறது. சாப்பாடு பரவாயில்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அப்பா புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, அந்தப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். விலாசம்தான் இருந்தது. நாங்கள் வருத்தப்படுவோம் என்று நினைத்து அடக்கி எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்படி எழுதாதே. ரயிலில் எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்த ஆறு எந்த நேரத்தில் வந்தது, அந்த ஊர் ட்ராமில் ஏறினாயா, ஏறியபோது எப்படி இருந்தது, எல்லாவற்றையும் எழுது. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரியும். எரியட்டும். நீ எழுது.

அம்மா